உகாண்டாவில் நான்கு மாத இன்டர்ன்ஷிப்: எந்தத் தடுப்பூசி, எப்போது போடணும்?

நிலா_சேலம் | அக்டோபர் 13

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் பொதுச் சுகாதாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜனவரி முதல் வாரம் இன்டர்ன்ஷிப்புக்காகக் கம்பாலா போகிறேன். முதல் மாதம் அலுவலக வேலை, அதன் பிறகு வடக்கே குலு பக்கம் கிராமங்களில் களப்பணி.

சேர்த்துக்கொண்ட அமைப்பு அனுப்பிய மெயிலில் "தேவையான தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு வரவும்" என்று ஒரே வரி. எது தேவை என்று இல்லை. கல்லூரியில் கேட்டால் மஞ்சள் காய்ச்சல் ஊசி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் நிலவரம் இது. சின்ன வயது ஊசிகள் எல்லாம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். அட்டையில் ஒன்றரை வயது வரைக்கும் பதிவு இருக்கிறது, அதற்குமேல் காலி. 2017ல் பள்ளியில் எல்லாருக்கும் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டேன். நாலாவது படிக்கும்போது அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கை, மூன்றாம் தண்ணி என்று வீட்டோடு முடிந்துவிட்டது, டாக்டரிடம் காட்டவில்லை. ஹெபடைடிஸ் பி போட்டதா இல்லையா என்று அம்மாவுக்கு நினைவில்லை.

கையில் இரண்டரை மாதம் இருக்கிறது. எதை முதலில் ஆரம்பிக்கணும்? போய் வந்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.


ஆலந்தூர்_அருள் | அக்டோபர் 13

நிலா, நான் கம்பாலாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். மஞ்சள் காய்ச்சல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை டாக்டர்கள் சொல்லட்டும்.

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கேட்பார்கள். இது தெருமுனை கிளினிக்கில் போடுகிற ஊசி இல்லை. மத்திய அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், இல்லாவிட்டால் துறைமுகச் சுகாதார அலுவலகம். கிங் இன்ஸ்டிட்யூட் என்றால் இப்போது பலருக்கும் வளாகத்துக்குள் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைதான் தெரிகிறது. வாசலில் "மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் நினைத்த நேரத்துக்குப் போட மாட்டார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். பொடியாக இருப்பதைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாகணும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் ஆட்களைச் சேர்த்து, குறிப்பிட்ட நாளில், முன்பதிவு வாங்கிப் போடுகிறார்கள். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், இப்போதே நாள் கேளுங்கள். அசல் பாஸ்போர்ட்டும் நகலும் வேண்டும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள்.

ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். இன்று போட்டு நாளை விமானம் ஏற முடியாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சான்று மஞ்சள் நிற அட்டையாக வரும். அதைக் கையில் வாங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சரிபாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, குப்பியின் பேட்ச் எண், மருத்துவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். உங்கள் கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கும். நம்மவர்களுக்கு இனிஷியலால் வரும் தொல்லை அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், அட்டையில் ஒற்றை எழுத்தாக எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கணும். தப்பாக இருந்தால் அடித்து எழுத விடாதீர்கள், புது அட்டை கேளுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று சொல்லும் உரிமை அந்த நாட்டு அதிகாரிக்கு உண்டு.


காசிமேடு_மெக்கானிக் | அக்டோபர் 13

லாகோஸ்ல பல வருஷம் சைட்ல இருந்தவன் சொல்றேன்மா. மஞ்சள் அட்டை இருந்தா போதும். ஏர்போர்ட்ல வேற எதையும் யாரும் கேட்கல. இந்தப் பெரிய ஆஸ்பத்திரில டிராவல் கிளினிக்னு போனா ஒரு பட்டியலை நீட்டுவாங்க, கூட்டிப் பார்த்தா டிக்கெட் காசுல பாதி வந்துடும். படிக்கிற பொண்ணு, அவ்வளவு செலவு எதுக்கு? கொசுவலை, கொதிக்கவச்ச தண்ணி, இந்த ரெண்டுல கவனமா இரு.

என் அட்டை 2012ல போட்டது. பத்து வருஷம்னு அதுலயே எழுதியிருக்கு. மறுபடி போகணும்னா திரும்பவும் போடணுமா, அதையும் யாராவது சொல்லுங்க.


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 14

காசிமேடு அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திரும்பப் போட வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் மஞ்சள் காய்ச்சல் சான்று ஆயுள் முழுதுக்கும் செல்லும் என்று சர்வதேச சுகாதார விதியை மாற்றிவிட்டார்கள். பத்து வருடம் என்று அச்சடித்த பழைய அட்டைக்கும் அது பொருந்தும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "அட்டை இருந்தால் போதும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லையில் அதிகாரி கேட்பது ஒன்று, உங்கள் உடம்புக்குத் தேவைப்படுவது வேறு. மஞ்சள் காய்ச்சல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தாவக்கூடியது என்பதால் அதற்கு மட்டும் சான்று கேட்கிறார்கள். டைபாய்டு வந்தால் படுக்கையில் கிடக்கப்போவது நீங்கள்தான், அதனால் அதைப் பற்றி எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகாது. அண்ணன் சைட் முகாமில் இருந்திருப்பார். நிலா கிராமம் கிராமமாகப் போகப்போகிறார்.

நிலா, உங்கள் விஷயத்தில் நான் முதலில் நினைப்பது வெறிநாய்க்கடித் தடுப்பூசி. களப்பணி என்றால் நாய் இருக்கும். கடி பட்டால் வழக்கமாக இரண்டு வேலை நடக்கணும். தடுப்பூசியும் போடணும், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் பொருளும் செலுத்தணும். இரண்டாவது மருந்து பெரிய நகரத்து மருத்துவமனைகளிலேயே எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, குலுவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்கே தேடுவது? முன்கூட்டியே ஊசி போட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவையே இல்லை. கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அவ்வளவுதான். முன்பு முன்தடுப்புக்கு மூன்று முறை வரச் சொல்வோம். 2018ல் உலக சுகாதார நிறுவனம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது: இன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. நம் ஊரில் இது விலை குறைவு, ஊர் திரும்பிய பிறகும் பயன்படும். ஊசி போட்டிருந்தாலும் கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவணும். அதை விடக்கூடாது.

அடுத்தது மூளைக்காய்ச்சல். செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே மெனிஞ்சைடிஸ் பட்டை என்று ஒரு பகுதி உண்டு. உகாண்டாவின் வடக்கு அதில் வருகிறது. டிசம்பர் முதல் ஜூன் வரை, வறண்ட காலத்தில்தான் நோய் கிளம்பும். நீங்கள் போவது சரியாக அந்தக் காலத்தில். ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்கு வகைக்கும் சேர்த்த மெனிங்கோகாக்கல் ஊசி ஒன்று, கிளம்ப 10 நாளுக்கு முன்னாலாவது போடுங்கள். இது விலை கூடுதல்தான். கம்பாலாவிலேயே இருப்பவருக்கு நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன், உங்களுக்கு வற்புறுத்துகிறேன்.

டைபாய்டுக்குக் கான்ஜுகேட் வகையில் ஒரே ஊசி. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரிக்கும் டைப்பார் டிசிவி எல்லா மருந்துக்கடையிலும் தெரியும். கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன் போடுங்கள். ஹெபடைடிஸ் ஏ நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்துபோயிருக்கும். ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பு இருந்தால் ஊசிச் செலவு மிச்சம்.

ஹெபடைடிஸ் பி தேசிய அட்டவணையில் நாடு முழுக்க வந்தது 2011ல். தமிழ்நாட்டில் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கினார்கள் என்றாலும் உங்கள் வயதுக்காரர்கள் பலர் விடுபட்டிருப்பார்கள். அட்டையில் இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறை 0, 1, 6 மாதம். இரண்டை இங்கே முடித்துவிட்டு மூன்றாவதை மே மாதம் திரும்பிவந்து போடலாம், பிந்தினால் கெட்டுப்போகாது. போகுமுன்பே கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் 0, 7, 21 நாள் என்று விரைவு முறை இருக்கிறது. அதில் ஒரு வருடம் கழித்து நான்காவது ஒன்று போட்டாகணும்.

பத்தாவது படிக்கும்போது பள்ளியில் போட்டது டெட்டனஸ் ஊசி, கக்குவான் அதில் கிடையாது. டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்த்த டிடேப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். போலியோ சொட்டு மருந்து சின்ன வயதில் முழுதாகப் போட்டிருந்தாலும் பெரியவர்களுக்கான பூஸ்டர் ஒன்று பற்றி நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் எல்லாவற்றையும்விட முக்கியம் மலேரியா. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள், பயணிகளுக்கு இல்லை. நமக்கு மாத்திரைதான். அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஆளைக் கொல்லக்கூடியது, குளோரோகுயின் அதற்குக் கேட்காது. "நம்ம ஊர் மலேரியா பார்த்தவங்கதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.


நிலா_சேலம் | அக்டோபர் 14

டாக்டர், ரொம்ப நன்றி. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு சந்தேகம்.

இத்தனை ஊசியையும் அடுத்தடுத்துப் போட்டால் உடம்பு தாங்குமா? அம்மா பயப்படுகிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாது என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லியிருக்கிறார்கள்.

என் தோழி அதே நேரத்தில் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக்குப் போகிறாள். அவளிடம் எம்எம்ஆர் இரண்டு டோஸ் கேட்கிறார்கள். 2017ல் பள்ளியில் போட்டதைக் காட்டினால் போதாதா?


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 15

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். செயலிழந்த கிருமியில் செய்த ஊசிகளை ஒரே நாளில் இரண்டு கையிலும் போடலாம், மறுநாளும் போடலாம், இடைவெளிக் கணக்கே கிடையாது. டைபாய்டு, ஹெபடைடிஸ் பி, வெறிநாய்க்கடி, டிடேப், மெனிங்கோகாக்கல் எல்லாம் இந்த வகை. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு கசகசவென்று இருக்கும்.

கணக்குப் பார்க்க வேண்டியது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியில் செய்த ஊசிகளுக்கு. மஞ்சள் காய்ச்சல், எம்எம்ஆர் (தட்டம்மை-பொன்னுக்கு வீங்கி-ரூபெல்லா ஊசி), சின்னம்மை மூன்றும் அப்படி. இவற்றில் இரண்டு வேண்டுமென்றால் ஒரே நாளில் போடணும், இல்லாவிட்டால் நான்கு வாரம் விடணும். இடையில் போட்டால் இரண்டாவது ஊசிக்கு உடம்பு சரியாக வேலை செய்யாமல் போகலாம். நேரம் இருக்கும்போது மஞ்சள் காய்ச்சலுக்கும் எம்எம்ஆருக்கும் நான்கு வாரம் விடுவதையே நான் விரும்புவேன். சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். அப்போது வாட்ஸாப்பில் வந்த வதந்தியை நம்பி எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள், நீங்கள் போட்டுக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் எம்எம்ஆரில் நடுவில் உள்ள எம் பொன்னுக்கு வீங்கிக்கு உரியது. அது நம் அரசு அட்டவணையில் கிடையாது. அதனால் உங்கள் தோழிக்கு அந்தக் காகிதம் போதாது. எம்எம்ஆர் இரண்டு டோஸ், 28 நாள் இடைவெளியில் போடணும், அல்லது மூன்றுக்கும் ரத்தத்தில் எதிர்ப்பு இருப்பதை ஆய்வக அறிக்கையாகக் காட்டணும்.


ஹவுஸ்சர்ஜன்_தஞ்சை | அக்டோபர் 15

தோழிக்காக எழுதுகிறேன், அமெரிக்காவில் எலெக்டிவ் (மருத்துவ மாணவர்களுக்கான குறுகிய மருத்துவமனைப் பயிற்சி) முடித்து வந்தவன். அங்கே எல்லையில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மருத்துவமனைதான் கேட்கும், படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வார்டுக்குள் விட மாட்டார்கள்.

ஹெபடைடிஸ் பி-யில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மூன்று டோஸ் போட்டால் போதாது, அதன் பிறகு எதிர்ப்புப் பொருள் அளவையும் எண்ணில் காட்டணும், 10 அல்லது அதற்குமேல் இருக்கணும். அந்தப் பரிசோதனையைக் கடைசி டோஸ் முடிந்து ஒன்று இரண்டு மாதம் கழித்துத்தான் செய்யணும். அப்படியென்றால் ஒன்றுமே போடாதவருக்கு எட்டு மாதம் ஆகிறது! லேப்பில் "பாசிட்டிவ்" என்று மட்டும் அடித்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், ரத்தம் கொடுக்கும்போதே எண்ணாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை அடுத்தது. நாமெல்லாம் பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்கள், இடது தோளில் தழும்பு இருக்கும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய முறையில் அதனாலேயே தடித்துக்கொண்டு நோய் இருப்பதாகக் காட்டலாம். ரத்தத்தில் பார்க்கும் இக்ரா பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை, குவான்டிஃபெரான் என்று கேட்டால் லேப்பில் தெரியும். இதை எம்எம்ஆர் போடுவதற்கு முன்போ, அதே நாளிலோ செய்துவிடச் சொல்லுங்கள். உயிருள்ள ஊசி போட்டுவிட்டால் நான்கு வாரமாவது காத்திருக்கணும், இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது. என் கூடப் படித்தவன் ஒருவன் இந்த வரிசை மாறியதால் ஒரு மாதம் தள்ளிப்போனான்.

அம்மை விஷயம். "சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சு" என்று எழுதிக் கொடுத்தால் அங்கே எடுபடாது. வேரிசெல்லா (சின்னம்மை) ஐஜிஜி பார்த்தால் போதும், உண்மையிலேயே வந்திருந்தால் பெரும்பாலும் ரத்தமே சாட்சி சொல்லிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, ஊசி தேவைப்படவில்லை.


நர்சிங்_நாகர்கோவில் | அக்டோபர் 15

ஜெர்மனி போகிறவர்கள் யாராவது படித்தால்: அங்கே 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைச் சட்டம் இருக்கிறது. 1970க்குப் பின் பிறந்தவர்கள் மருத்துவமனை, மழலையர் பள்ளி மாதிரி இடங்களில் வேலை பார்க்க, இன்டர்ன் ஆனாலும் சரி, தட்டம்மைக்கு இரண்டு டோஸ் அல்லது எதிர்ப்புச் சான்று காட்டணும். அங்கே கேட்பது தட்டம்மை மட்டும் என்பதால் நம் 2017 ஊசிக்கும் மதிப்பு உண்டு, பதிவு இருந்தால்.


யாழ்_வடலி | அக்டோபர் 16

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எனக்குக் கானாவில இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, அங்கயும் மஞ்சள் காய்ச்சல் அட்டை எல்லாரிட்டயும் கேப்பினமாம். எங்கட பக்கத்து ஆக்களுக்கும் உதவும் எண்டு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

இலங்கையில இந்த ஊசிக்குக் கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான் போகோணும், எம்ஆர்ஐ எண்டால் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ் எடுத்துப் போற ஆக்கள் முதலே போன் பண்ணி நாளைக் கேட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. எங்கட அட்டவணை இந்தியாவை விட வேற மாதிரி. ஹெபடைடிஸ் பி 2003ல வந்தது, எம்எம்ஆர் 2011ல. அதுக்கு முதல் பிறந்த ஆக்களுக்குப் பொன்னுக்கு வீங்கி ஊசி அட்டையில இராது. சின்ன வயசு கிளினிக் புத்தகத்தை அம்மாமார் வழக்கமா பத்திரமா வச்சிருப்பினம், ஒருக்கா தேடிப் பாருங்கோ. இடம்பெயர்ந்ததில துலைஞ்ச ஆக்கள் கனபேர் எண்டது தெரியும். அவைக்கு டொக்டர் ரத்தப் பரிசோதனைதானா வழி?


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 16

ஆமாம் வடலி. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, பி இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை நம்பகமானது. மற்றவற்றுக்குப் பதிவு இல்லையென்றால் திரும்பப் போடுவதுதான் சுலபம். முன்பே போட்டவருக்கு இன்னொரு டோஸ் போய்விட்டால் பொதுவாக ஆபத்து இல்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராமச் செவிலியரிடமும் கேட்டுப் பாருங்கள். பழைய பதிவேடு சில இடங்களில் இருக்கிறது. பிறந்த தேதியும் அம்மா பெயரும் சொன்னால் தேடித் தருகிற நல்ல செவிலியர்கள் நிறைய பேர்.


கோபி_தாய் | அக்டோபர் 17

எம்பட பையனும் கென்யா போறானுங்க. அவனுக்குச் சின்னதுல இருந்து வீசிங். முட்டை சாப்பிட்டா சில நேரம் உடம்பு அரிக்குதுன்னு சொல்லுவான். மஞ்சள் காய்ச்சல் ஊசியில முட்டை சேர்க்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். போடலாமுங்களா டாக்டர்?


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 17

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. இந்த ஊசிக்கான கிருமியைக் கோழி முட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள். முட்டை சாப்பிட்டதும் மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் என்று ஆகிறவர்களுக்குப் போடக்கூடாது. லேசான அரிப்பு மட்டும் என்றால் மையத்து மருத்துவர் விசாரித்து முடிவு செய்வார். பையன் கேக், ஆம்லெட் எல்லாம் சாப்பிடுகிறானா, சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். வீசிங்குக்கு இன்ஹேலர் எடுப்பது தடையில்லை. ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லணும். எச்ஐவி, புற்றுநோய் சிகிச்சை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, கர்ப்பம், 60 வயதுக்கு மேல், இந்த நிலையில் உள்ளவர்களும் ஊசிக்கு முன் சொல்லியாகணும்.

போடக்கூடாது என்று முடிவானால் மருத்துவ விலக்குக் கடிதம் தருவார்கள். அதைப் போகிற நாடு ஏற்குமா என்று தூதரகத்தில் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடணும்.


வேலூர்_கோட்டை | அக்டோபர் 19

ஒரு டிராவல் ஏஜென்ட் ஊசியே போடாமல் மஞ்சள் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். வாங்கலாமா?


காசிமேடு_மெக்கானிக் | அக்டோபர் 19

வேணாம் தம்பி. செலவைக் குறைக்கச் சொன்னவன்தான் நான், ஆனா இது மட்டும் வேணவே வேணாம். எங்க சைட்ல ஒருத்தன் இப்படி வாங்கிட்டு வந்தான். போகும்போது தப்பிச்சிட்டான், திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல பேட்ச் நம்பரைப் பார்த்துப் பிடிச்சிட்டாங்க. ஆறு நாள் தனியா வச்சிருந்துதான் வீட்டுக்கு விட்டாங்க. பொண்டாட்டி புள்ள வாசல்ல நின்னு அழுதுச்சு.


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 19

அண்ணன் சொன்னது சரி. நம் நாடு இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது, டெங்குவைப் பரப்புவதும் அதுதான். நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும். 2016ல் அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கே வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் 11 பேர் அதோடு ஊர் திரும்பினார்கள், ஆசியாவுக்குள் இந்த நோய் வந்தது அதுதான் முதல் தடவை. நல்லவேளை அங்கே பரவவில்லை. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஊசி போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரு மாதத்துக்குள் எதிர்ப்பு வந்துவிடுகிறது, அது ஆயுளுக்கும் நிற்கிறது.

மயக்கம் வருகிறவர்கள் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம் தம்பி. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


நிலா_சேலம் | அக்டோபர் 24

எல்லாருக்கும் நன்றி. நேரில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தேன். இங்கே படித்ததை எழுதிக்கொண்டு போனதால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஹெபடைடிஸ் ஏ-க்கு எதிர்ப்பு இருக்கிறது, சின்னம்மைக்கும் இருக்கிறது. பி-க்கு இல்லை, அதனால் முதல் டோஸ் அன்றே போட்டாயிற்று, மறு கையில் வெறிநாய்க்கடி. கிங் இன்ஸ்டிட்யூட்டில் நவம்பர் நடுவில் நாள் கிடைத்திருக்கிறது. டைபாய்டு, டிடேப் நவம்பர் கடைசி, மெனிங்கோகாக்கல் டிசம்பர் முதல் வாரம். அம்மாதான் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அனுப்புகிற அமைப்பிடம் கேட்டதில் தடுப்பூசிச் செலவில் ஒரு பகுதியைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள், ரசீது எல்லாம் எடுத்து வைக்கணும். மற்றவர்களும் கேட்டுப் பாருங்கள்.

மலேரியா மாத்திரைதான் குழப்பம். டாக்சிசைக்ளின் என்று எழுதியிருக்கிறார். நான்கு மாதமும் தினமும் சாப்பிடணுமா?


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 24

ஆமாம், தினமும் 100 மில்லிகிராம் ஒன்று. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். பலர் விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி அதன் பிறகு வெளியே வரும், அதற்குத்தான் அந்த நான்கு வாரம். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், நெஞ்சு எரியும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், களப்பணியில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்றுதான் என்றாலும் மனநலச் சிக்கலோ வலிப்போ இருந்தவர்களுக்கு ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரைக்குத் திரும்பி வந்த பிறகு ஏழு நாள் போதும், ஆனால் நான்கு மாதத்துக்கு விலை கட்டுப்படியாகாது.

மாத்திரை எடுத்தாலும் கொசுவலை வேண்டும். அங்கே இருக்கும்போதோ, திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள்ளோ காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். இங்கே காய்ச்சல் என்றதும் டெங்குவா டைபாய்டா என்றுதான் பார்ப்பார்கள். உகாண்டா போய்வந்ததை நீங்களாகச் சொல்லணும்.


பொள்ளாச்சி_பயணி | அக்டோபர் 26

இழை முழுக்கப் படித்தேன். எனக்கு நைரோபியில் இன்டர்ன்ஷிப், இன்னும் 13 நாள்தான் இருக்கிறது, விசா தாமதமானதில் எதுவும் போடவில்லை. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் கென்யா மஞ்சள் அட்டை கேட்காது என்கிறார்கள். விட்டுவிடலாமா?


ஆலந்தூர்_அருள் | அக்டோபர் 26

கென்யா கேட்காது, திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யாவும் இருக்கிறது. 10 நாள் கணக்குக்கு உங்களுக்கு மூன்று நாள்தான் மிச்சம். நாளைக் காலையிலேயே மையங்களுக்குப் போன் போடுங்கள், சென்னையில் இடம் இல்லையென்றால் பெங்களூரிலும் மையம் இருக்கிறது.


பொருநை_மருத்துவர் | அக்டோபர் 26

அதே நாளில் டைபாய்டும் ஹெபடைடிஸ் பி முதல் டோஸும் போட்டுவிடுங்கள், வெறிநாய்க்கடி அன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. 13 நாளில் இவ்வளவும் முடியும். ஹெபடைடிஸ் பி இரண்டாவதை ஏழாம் நாளில் போட்டு, மூன்றாவதை 21ஆம் நாள் நைரோபியிலேயே போடலாம், அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். நைரோபி நகரம் உயரமான இடம், மலேரியா குறைவு. வார இறுதியில் மொம்பாசா கடற்கரைக்கோ விக்டோரியா ஏரிப் பக்கமோ போவதாக இருந்தால் மாத்திரை வேண்டும். பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, கையில் இருக்கிறதா? ஊசி மையத்தில் அசலைக் கேட்பார்கள்.